சொல் சொல்லாக வாசித்த வேதம்

காரைக்காலில் என் முகத்தை அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. தலத்தெருவில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால், சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி எதிரொலியை அடக்கிய ஒரு சின்ன அறை. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை அந்த அறையில் நான் பேசிப் பதிந்தவை. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, பள்ளிவாசல் கந்தூரி, மாங்கனித் திருவிழா, கிளிஞ்சல்மேட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை, யாராவது இறந்துபோன செய்தி. எல்லாச் சாமிக்கும் எல்லாச் சாவுக்கும் ஒரே குரல்தான்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பதும் நான்தான். எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசித்து முடித்துவிட்டு இறங்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி லேசாகத் தலையாட்டுவாள். நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு காலை, ஒரு பாத்திரக்கடைத் திறப்பு விழாவுக்கு அறிவிப்புப் பதிந்துகொண்டிருந்தேன். ‘அனைவரும் வருக’ என்று முடிக்க வேண்டும். ‘வருக’ வரவில்லை. வேறு ஏதோ சத்தம் வந்தது. மறுபடி முயன்றேன். ஹெட்போனில் கேட்டது என் குரல்தான். ஆனால் அதில் சொல்லே இல்லை. மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வலது கால் எழவில்லை.

நான் விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தவர் பக்கத்துக் கடை பாய். பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்து மொபைல் ரிப்பேர் கடை போட்டவர். என்னைவிட இளையவர். என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததைப் பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணே, ரெண்டு கையையும் தூக்குங்க. தூக்க முடியலையா? சரி, பயப்படாதீங்க, நான் இருக்கேன்.”

வாசலில் நின்ற விளம்பர ஆட்டோவிலேயே, கூரை மேல் ஸ்பீக்கரோடு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து தஞ்சாவூருக்கு. உயிர் பிழைத்தது அவரால்தான் என்று டாக்டர்கள் பிறகு சொன்னார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன.

சில நாள் கழித்து வார்டில் ஒரு மாலை. மனைவி என் கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த செபத்தை அவள் தொடங்கினாள். நான் கூடவே சொன்னேன். தொடக்கம் முதல் ஆமென் வரை, ஒரு எழுத்துப் பிசகாமல், என் பழைய குரலில். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனைவி செபமாலையைப் போட்டுவிட்டு என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“பேச்சு வந்துருச்சு! என்னங்க, பேச்சு வந்துருச்சுங்க! தண்ணி வேணுமா? சொல்லுங்க!”

தொண்டை வறண்டிருந்தது. வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். செபத்தின் முதல் வரி வந்தது. அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே வரிதான். அவள் முகத்திலிருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நான் செபத்தை முழுக்கச் சொல்லி முடித்தேன். நிறுத்த முடியவில்லை. தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா இதை விளக்கினார். சின்ன வயசுப் பெண், பொறுமைசாலி.

“மனப்பாடமா இருக்குறது வேற இடத்துல இருக்குங்க ஐயா. எண்ணுறது, பாட்டு, செபம், கோவத்துல திட்டுறது, இதெல்லாம் தானா வந்துரும். சொந்தமா ஒரு வார்த்தையத் தேடி எடுக்குறதுதான் கஷ்டம். அது வரும். ஆனா மெதுவாத்தான் வரும். வீட்டுல தினமும் ஏதாவது வாய்விட்டு வாசிக்கணும்.”

மனைவிக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு இல்லை. நான் இல்லாமலே என் வாயில் ஓடும் செபத்தை யார் கேட்பார்? நன்றாக இருந்த காலத்தில் மட்டும் அது வேறு மாதிரியா ஓடியது? அன்றிலிருந்து செபம் தொடங்கினாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளும் வற்புறுத்தவில்லை. தன் செபமாலையை அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பங்குச் சாமியார், பூசைக்குப் போக முடியாத எனக்கு நன்மை அப்பம் கொடுக்க வீட்டுக்கு வந்தார். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் நடந்தது, நான் சுவர்ப் பக்கம் திரும்புவது, டாக்டரம்மா வாசிக்கச் சொன்னது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்ப வேதத்தையே வாசிங்க. வேகமா வாசிக்க முடியலைன்னு வருத்தப்படாதீங்க. பழைய காலத்துத் துறவிங்க வேணும்னே அப்படித்தான் வாசிச்சாங்க. ஒரு வரி எடுப்பாங்க. அதுல எந்தச் சொல்லு மனசத் தொடுதோ அங்கயே நின்னுருவாங்க. மாடு அசைபோடுற மாதிரி அதையே வாயில வச்சிருப்பாங்க. அப்புறம் அதைப் பத்திக் கடவுள்கிட்ட பேசுவாங்க. பேச ஒண்ணும் இல்லைன்னா சும்மா இருப்பாங்க. அதுவும் செபம்தான்.”

“மாடு அசைபோடுறத எனக்குச் சொல்லணுமா ஃபாதர்?” என்றாள் மனைவி. அவள் வரிச்சிக்குடிக்காரி. விவசாயக் குடும்பம். என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஞானஸ்நானம் வாங்கினாள். பூசைக்கு ஒரு வாரமும் தவறமாட்டாள். ஆனால் வேதப் புத்தகத்தை அதுவரை தானாகத் திறந்ததில்லை. அது நான் வாசிப்பது, அவள் கேட்பது என்றே இருந்தது.

மறுநாள் காலை வாசல் தெளித்துவிட்டு வந்து, தன் தையல் மெஷினின் மேல்பலகையில் புத்தகத்தை விரித்து, என் நாற்காலியை அங்கே நகர்த்திவிட்டாள். நான்கு நற்செய்திகளில் சிறியது எதுவோ அதிலிருந்தே தொடங்கலாம் என்றாள். எழுத்துகள் தெருவில் பார்க்கும் தெரிந்த முகங்களைப்போல நின்றன. பார்த்த முகம்தான், பெயர்தான் வரவில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்தாள். நான் வாயைக் குவித்தேன், கோணினேன், எச்சில் ஒழுகியது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினாள். சில நாள் ஒரு வரி வந்தது. பல நாள் ஒரு சொல்தான். சில நாள் அதுவும் இல்லை, டீ மட்டும் ஆறிப்போனது.

அந்த ஆறிப்போகும் நேரத்தில் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஆண்டவர் கூப்பிட்டதும் இரண்டு மகன்கள் வலையையும் அப்பாவையும் படகிலேயே விட்டுவிட்டுப் போகிற இடம் வந்தது.

“அந்தப் பெரியவரு அன்னிக்கு வீட்டுக்குப் போயி பொண்டாட்டிக்கிட்ட என்னங்க சொல்லியிருப்பாரு?” என்றாள்.

அந்தப் பகுதியைக் கோயிலில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். படகில் மிச்சமிருந்தவரை ஒரு முறையும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று முழுதும் அவர் என்னோடு இருந்தார். பிள்ளைகளின் முதுகையே பார்த்துக்கொண்டு, பாதி தைத்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு.

முடக்குவாதக்காரனை நான்கு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிற இடத்தில் அவளுக்கு வேறு கவலை. “வீட்டுக்காரன் சும்மாவா விட்டான்? நம்ம மேல்வீட்டு ஆளு ஒரு ஓடு நகந்ததுக்கே என்ன ஆட்டம் ஆடுனாரு!” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய் வந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் முறை. கோணல் சிரிப்புதான். அவள் அதைப் பார்க்காததுபோல மெஷினுக்கு நூல் கோக்கத் தொடங்கினாள். ஊசியில் நூல் நுழைய வெகுநேரம் ஆனது.

பிறகு சீடர்கள் வயல்வழியாக நடந்துபோகிறபோது கதிரைக் கொய்து தின்கிற இடம். அவளுக்கு அது சொந்த ஊர். “உள்ளங்கையில வச்சுக் கசக்கி ஊதிட்டு வாயில போட்டா பால் மாதிரி இருக்கும். நாங்களும் தின்னுருக்கோம்” என்றாள். அதற்குக் கீழே, பழைய காலத்து அரசன் ஒருவன் தன் ஆட்களோடு பட்டினி கிடந்து கோயில் அப்பத்தைச் சாப்பிட்டதை ஆண்டவர் நினைவுபடுத்துகிறார். அந்த வரியில் ‘பசி’ என்று ஒரு சொல். இரண்டே எழுத்து. அவள் விரலை அதிலேயே நிறுத்திக்கொண்டாள். உதடுகளைச் சேர்த்துப் ‘ப’. பிறகு ‘சி’. சேர்த்தால் உடைந்தது, உடைந்தால் சேர்த்தேன். அன்று காலை அதற்குமேல் போகவில்லை. அவள் தைக்கப் போய்விட்டாள். நான் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் கிடந்தேன். அரசனுக்கும் பசி. சீடர்களுக்கும் பசி. பசித்தவன் பக்கம் பேசுகிற ஆண்டவருக்கும் பசித்திருக்க வேண்டும். அவரும் அதே வயலில்தானே நடந்தார்?

மத்தியானம் மீன் குழம்பு வாசனை வந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எந்தப் புத்தகமும் எதிரில் இல்லை.

“பசி” என்றேன்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அவள் ஓடிவந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன சொன்னீங்க?”

“பசி.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“பசி... பசி... பசிக்குது!”

அவள் அழுதாள், சிரித்தாள், வாசலுக்கு ஓடி எதிர்வீட்டில் சொன்னாள், திரும்ப ஓடிவந்தாள். ஒரு அஞ்சு நிமிஷம் சோறு போடவே மறந்துவிட்டாள். நான் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் தட்டு வந்தது. கிழங்கா மீன் குழம்பு. இடது கையால் அள்ளித் தின்றேன். இத்தனை வருடம் மைக்கில் பேசிய எதையும் அன்றைய அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகச் சொல்லமாட்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அதே சொல்லைக் கடவுளிடம் சொன்னேன். வயிறு நிறைந்திருந்தது. கேட்டது சோறு இல்லை. ஆஸ்பத்திரியில் ஓடிய செபத்தில் ஒரு எழுத்தும் பிசகவில்லை, ஆனால் அதில் நான் இல்லை. இதில் இரண்டே எழுத்து, நான் முழுக்க இருந்தேன். அன்று சாயங்காலம் அவள் செபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். கையைக் காட்டி என் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன்.

அந்த வாரம் பாய் வந்தபோது “வாங்க” என்றேன். அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார். “மாஷா அல்லாஹ்! அண்ணே, இதப் போயி ஊருக்கே சொல்லணும். ஆனா சொல்றதுக்கு நீங்கதான் வரணும்!” என்று சத்தமாகச் சிரித்தார். கடைக்குப் போகும் வழியில் அடிக்கடி வந்து உட்காருவார். நான் ஒரு சொல்லுக்குத் தடுமாறும்போது அவர் அதை எடுத்துக் கொடுக்கமாட்டார். காத்திருப்பார். மற்றவர்கள் எல்லோரும் எடுத்துக் கொடுத்தார்கள். வாசிப்பைப் பற்றி மனைவி சொன்னபோது தலையாட்டினார். “நாங்களும் நிறுத்தி நிறுத்தித்தான் ஓதணும். சின்ன வயசுல எனக்கு ஓதச் சொல்லிக்குடுத்த அசரத்து, வேகமா ஓதுனா மறுபடி மொதல்லேர்ந்து ஓத வைப்பாரு.”

மழைக்காலத்தில் அந்த இடம் வந்தது. காது கேளாத, திக்கிப் பேசுகிற ஒருவனை ஆண்டவரிடம் கூட்டிவருகிறார்கள். அவர் அவனுடைய காதையும் நாக்கையும் தொட்டு, ‘திறக்கப்படு’ என்று ஒரு சொல் சொல்கிறார். அவன் தெளிவாகப் பேசிவிடுகிறான். அதை வாசித்து முடிக்க எனக்குப் பல காலைகள் ஆயின. முடித்ததும் புத்தகத்தை இடது கையால் அறைந்து மூடினேன்.

“ஒரு... சொல்லு. அவனுக்கு. எனக்கு?”

வெளியே மழை கொட்டியது. சில நாள் புத்தகம் மூடியே கிடந்தது. அதன் மேல் தைக்க வந்த ரவிக்கைத் துணிகள் ஏறின. பிறகு ஒரு காலை, என்னைக் கேட்காமல் துணிகளை ஒதுக்கிவிட்டு அவளே திறந்தாள். தன் விரலைத் தானே வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள்.

“அவனக் கூட்டத்துலேர்ந்து தனியா அழைச்சிட்டுப் போறாருங்க. ஏன் தனியா?”

எனக்கு உடனே தெரிந்தது. தஞ்சாவூர் வார்டில் உறவுக்காரர்கள் என்னைச் சுற்றி நின்று, ‘பேசுங்க, பேசுங்க, என் பேரச் சொல்லுங்க’ என்று போனில் படம் பிடித்த நாள்.

“கூட்டம்... வெக்கம்” என்றேன்.

“ஆமாங்க. அந்த ஆளுக்கும் அப்படித்தான இருந்திருக்கும். அது இவருக்குத் தெரிஞ்சிருக்கு.” விரலை நகர்த்தினாள். “அப்புறம் வானத்தப் பாத்துப் பெருமூச்சு விடுறாராம். சாமிக்கு எதுக்குங்க பெருமூச்சு?”

அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். ‘திறக்கப்படு’ என்பதற்கு முந்தின சொல் அது. நான் அதை எழுத்தெழுத்தாகக் கடந்துபோயிருந்தேன், கவனிக்கவில்லை. நோய் வந்த நாளிலிருந்து என்னிடம் தாராளமாக இருந்தது பெருமூச்சு ஒன்றுதான். சொல் தேடிக் கிடைக்காதபோதெல்லாம் அதுதான் வந்தது. குணமாக்குகிறவரும் சொல்லுக்கு முன்னால் அதைத்தான் விட்டிருக்கிறார். அந்த மனிதனின் முன்னால் நின்று, அவனிடமிருந்த ஒரே மொழியில் முதலில் பேசியிருக்கிறார். கார்த்திகை முழுக்க அந்தச் சொல்லோடு இருந்தேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து விடுவேன். அவ்வளவுதான் என் செபம். நாக்கு அன்று கட்டவிழ்ந்துவிடவில்லை. ஆனால் எனக்குள் இறுகிக் கிடந்த ஒன்று விட்டுப்போனது. அதற்குப் பிறகு சொற்கள் பயப்படாமல் வரத் தொடங்கின. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார்.

அடுத்த ஆவணியில், வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்துபோகிறவர்கள் எங்கள் தெருமுனையைக் கடந்துகொண்டிருந்தபோது, நான் கம்பு ஊன்றி நடந்தேன். சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசினேன். பங்குச் சாமியார் வந்தார்.

“திருவிழா முடிஞ்ச ஞாயிறு முதல் வாசகம் நீங்க வாசிக்கணும். அன்னிக்கு நற்செய்தி, அந்தக் காது கேளாத ஆளோட பகுதி. அதுக்குச் சேந்த மாதிரி ஒரு இறைவாக்கினரோட வாசகம். சின்னதுதான்.”

“வேணாம் ஃபாதர். ஜனங்க... காத்துக்கிட்டு... கஷ்டம்.”

மனைவி குறுக்கே வந்தாள். “யாரு பஸ்ஸுக்குப் போகணும்? மெதுவா வாசிங்க. உக்காந்து கேக்கட்டும்.”

அந்தப் பகுதியை நாங்கள் தையல் மெஷின் மேல் வைத்து அசைபோட்டோம். மனம் தளர்ந்தவர்களைப் பார்த்துத் தைரியமாக இருக்கச் சொல்கிற வரிகள். பாலைவனத்தில் தண்ணீர் பீறிடும், நொண்டி மானைப்போலத் துள்ளுவான், ஊமையின் நாக்கு பாடும் என்று போகும். மானுக்குத் தடுமாறவில்லை. தண்ணீருக்குத் தடுமாறவில்லை. தொடக்கத்தில் வரும் ‘அஞ்சாதிருங்கள்’தான் வீட்டில் ஒரு தடவைகூட முழுசாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வாசக மேடைக்கு நடந்தேன். என் கம்பு தரையில் தட்டும் சத்தம்தான் கேட்டது. புத்தகத்தின் மேல் இடது கை விரலை வைத்தேன். கீழே, கதவோரம், பாய் நின்றிருந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லாக. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. உள்ளம் தளர்ந்தவர்களுக்குச் சொல்லுங்கள் என்கிற இடத்தைத் தாண்டினேன். அடுத்தது அந்தச் சொல். ‘அ’ என்றேன். நின்றுவிட்டது. ‘அஞ்...’ மறுபடி நின்றது. மனைவியைப் பார்த்தேன். அவள் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். நான் கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்து எதிரே இருந்தவர்களைப் பார்த்தேன். ஒரு பெருமூச்சு வந்தது, மைக்கில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அதன் பின்னாலேயே சொல் வந்தது.

“பயப்படாதீங்க.”

புத்தகத்தில் அப்படி இல்லை. அச்சடித்த சொல்லைத் தேடிப் போன மனது, அதன் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் பேச்சில் திரும்பி வந்துவிட்டது. திருத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து, கிளிஞ்சல்மேட்டிலிருந்து வரும் ஒரு அம்மா, வீட்டில் யாரோ சொன்னதுக்குப் பதில் சொல்வதுபோல, “சரிங்க” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் திருத்தவில்லை. மனப்பாடத்திலிருந்து வந்த சொல் இல்லை அது. தேடி எடுத்த, என்னுடைய, முழுசான சொல். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் பீறிட்டது, மான் துள்ளியது, ஊமையின் நாக்கு என் வாயில் பாடியது. முடிவில் ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ என்றதும் ஜனங்கள் ‘இறைவா உமக்கு நன்றி’ என்ற சத்தம் ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பியது. எத்தனையோ மைக்கில் பேசியிருக்கிறேன். பதிலுக்கு அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. இறங்கும்போது மனைவி தலையாட்டவில்லை. முகத்தை முந்தானையில் புதைத்திருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அந்த முன்வரிசை அம்மா வந்து என் செயலற்ற வலது கையைப் பிடித்துக்கொண்டார். “நாளக்கி எம் மவனுக்கு ஆபரேசன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. நீங்க என்னயப் பாத்துச் சொன்ன மாதிரியே இருந்துச்சுங்க.”

“உங்களத்தான்... பாத்தேன்” என்றேன். உண்மைதான்.

பாய் தோளில் தட்டினார். “மைக்குல கொஞ்சம் பேஸ் கூட்டியிருக்கலாம் அண்ணே. மத்தபடி சூப்பர்.” அவர் கண் சிவந்திருந்தது.

ஆட்டோ வேண்டாம், நடந்தே போகலாம் என்றேன். வழி நெடுகப் பேசினேன். மைக் ஸ்டாண்டு உயரம் சரியில்லை என்றேன். மான் எப்படித் துள்ளும் என்று கம்பைத் தூக்கிக் காட்டினேன். அடுத்த காலை எந்த வரியில் தொடங்க வேண்டும், மத்தியானம் என்ன குழம்பு, பாய் எதற்கு அழுதார். சொல் கிடைக்காத இடத்தில் நின்று, தேடி எடுத்து, மறுபடி நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதித் தெருவில் மனைவி நின்று குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“என்னங்க, கொஞ்ச நேரம் பேசாமத்தான் வாங்களேன்.”

நான் பேசிக்கொண்டே வந்தேன்.